விலை சொல்லும் யந்திரம்

காலையில் காய்கறிக் கடைக்குப் போகிறோம். "கத்தரிக்காய் என்ன விலை?" என்று கேட்கிறோம். "கிலோ நாற்பது ரூபாய்" என்கிறார் கடைக்காரர். பையை நீட்டுகிறோம்; காய் பைக்குள் விழுகிறது. பணத்தை எடுக்கும் சமயத்தில், "ஸார், நான் சொன்னது கால் மணி நேரத்துக்கு முந்திய விலை. இப்போது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. வாங்கினது வாங்கினதுதான்!" என்று அவர் சொன்னால் என்ன நடக்கும்? தெருவே கூடிவிடும். நாலு பேர் நியாயம் பேச வருவார்கள். மறுநாள் அந்த மனிதர் அந்தத் தெருவில் கடை விரிக்க முடியாது.

இதே காரியம் கத்தரிக்காய்க்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளின் விஷயத்தில் நடந்தால், நியாயம் பேச ஒருவரும் வருவதில்லை. "விலைகள் தகவலுக்காக மட்டுமே, அவற்றின் சரித்தன்மைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எங்கோ ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதோடு விவகாரம் முடிந்தது.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. என் மனைவியின் தம்பி ஒருவர், ஒரு சிறிய ஊரில் உரக் கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டம் இல்லாத வேளைகளில் கைப்பேசியில் பங்கு வாங்கி விற்பது சில வருஷங்களாக அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் காலை, ஒரு கம்பெனியின் பங்குகளில் 600-ஐ, பங்கு ஒன்றுக்கு 240 ரூபாய் வீதம் வாங்கினார். மூன்று ரூபாய் இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்கூட்டியே தீர்மானம் செய்துகொண்டிருந்தார். மிஞ்சிப் போனால் 1,800 ரூபாய் நஷ்டம். அதைத் தாங்கலாம் என்பது அவர் கணக்கு.

வாங்கிய பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 240. ஒரு வாடிக்கைக்காரருக்கு இரண்டு மூட்டை உரம் போட்டுவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் 240. "மார்க்கெட் இன்றைக்குச் சாந்தமாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டார். மார்க்கெட் சாந்தமாக இல்லை. திரைதான் மயக்கம் போட்டிருந்தது. பதினோரு நிமிஷம் கழித்து அது கண் விழித்தபோது விலை 226. பதறிப்போய் விற்றார். நஷ்டம் 8,400 ரூபாய். அந்தப் பணம் அவர் பெண்ணின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்தது.

அன்று மாலை எனக்குப் போன் செய்தார். "அத்தான், நான் பேராசைப்பட்டு இழந்திருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். நான் கண்ணைத் திறந்துகொண்டு காவல் இருந்தேன். காவல்காரனுக்குப் பொய் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?" என்றார். சற்றுப் பொறுத்து, "அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவன். பங்கு வாங்கியதும் இல்லை; விற்றதும் இல்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. விலையைச் சொல்வதாக ஏற்றுக்கொண்டவர்கள் அதைச் சரியாகவும் காலத்திலும் சொல்லத் தவறினால், அந்த நஷ்டம் யாருடையது? தேடிப் பார்த்தேன். இந்தக் கேள்வி கைப்பேசியோடு பிறந்ததல்ல என்று தெரிந்தது. அதற்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

புறாவும் படகும்

1850-ம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள ஆஃகன் நகரம் வரை ஒரு தந்திக் கம்பி இருந்தது; பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸ் வரை மற்றொரு கம்பி இருந்தது. நடுவில் கம்பி இல்லை. அந்த இடைவெளியை ரெயில் கடக்கச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்பவர் பங்கு விலைகளை மெல்லிய தாளில் எழுதிப் புறாக்களின் மூலம் அனுப்பினார். புறாக்கள் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த நாலு மணி நேர லாபத்துக்காக வியாபாரிகள் அவருக்குப் பணம் கொடுத்தார்கள். கம்பி இணைந்ததும் புறாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1851-ல் ராய்ட்டர் லண்டனுக்குப் போய் அலுவலகம் திறந்தார். செய்தி உலகில் இன்றும் வழங்கும் ராய்ட்டர் என்ற பெயர் இவ்வாறு புறாவின் சிறகில் ஏறி வந்ததுதான்.

நம் நாட்டிலும் அதே பத்தாண்டுக் காலத்தை ஒட்டி இதுபோன்ற விந்தை நடந்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது நின்றுவிட்டது. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடி வந்தன. பம்பாயில் பணம் மழையாகப் பெய்தது. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் கிராக்கி வந்தது. ஆனால் விதை போட்டவனும் நம்மவன், களை எடுத்தவளும் நம்மவள் என்றாலும், பஞ்சுக்கு விலை வைத்த இடம் லிவர்ப்பூல். அந்த விலை கப்பலில்தான் வர வேண்டும். பம்பாயின் பஞ்சு அரசர் என்று பெயர் பெற்ற பிரேம்சந்த் ராய்சந்த், கப்பல் கரைக்கு வந்து சேரும் வரை காத்திராமல், தம் ஆட்களைப் படகில் அனுப்பி நடுக்கடலிலேயே லிவர்ப்பூல் விலையை விசாரித்து வரச் செய்வார் என்று சொல்வார்கள். கரையில் இருந்தவர்கள் பழைய விலையை வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் கையில் புது விலை இருக்கும்.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தென்பகுதிப் படை சரணடைந்தது. யுத்தம் முடிந்த செய்தி பம்பாய்க்கு எட்டியதும் பஞ்சு விலை விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பங்கு விலைகளும் விழுந்தன. 1865 ஜூலை முதல் தேதி, கணக்குத் தீர்க்க வேண்டிய நாளில், பெரிய பெரிய வீடுகளெல்லாம் கைவிரித்தன. பிரேம்சந்தும் தப்பவில்லை. செய்தியை எல்லாருக்கும் முன்னால் அறிந்த மனிதரையும் அது கடைசியில் காப்பாற்றவில்லை என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தம் தாயாரின் பெயரால் அவர் கட்டக் கொடுத்த ராஜாபாய் கோபுரம் இன்றும் நிற்கிறது.

முந்நூறு பையன்கள்

அமெரிக்க யுத்தம் முடிந்த பிறகு நியூயார்க்கில் வியாபாரம் மும்முரமாயிற்று. 1867-ல் எட்வர்ட் காலஹான் என்பவர் பங்கு விலைகளைத் தந்தி மூலம் பெற்று, ஒரு நீண்ட காகித நாடாவில் தானாகவே அச்சடிக்கும் யந்திரத்தைச் செய்தார். அது எழுப்பிய "டிக் டிக்" சப்தத்தால் அதற்கு டிக்கர் என்று பெயர் வந்தது. அதுவரையில் சந்தைக்கும் தரகர் அலுவலகங்களுக்கும் இடையே சிறு பையன்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊரெங்கும் ஒரே நிமிஷத்தில் ஒரே விலை தெரியத் தொடங்கியது டிக்கர் வந்த பிறகுதான்.

ஆனால் ஒரு யந்திரத்தை நம்பி ஊரே உட்கார்ந்தால், யந்திரம் நின்றவுடன் ஊரே நின்றுவிடும். 1869-ல் அது நேர்ந்தது. தங்கத்தின் விலையைத் தரகர்களுக்கு அறிவித்துவந்த ஒரு கம்பெனியின் தலைமை யந்திரம் திடீரென்று பெருஞ்சப்தத்துடன் நின்றுவிட்டது. சில நிமிஷங்களுக்குள் தரகர்கள் அனுப்பிய முந்நூறு பையன்கள் வாசலில் வந்து குவிந்து, "எங்கள் எஜமானரின் கருவி வேலை செய்யவில்லை" என்று கூச்சலிட்டார்கள். முதலாளி செய்வதறியாமல் திகைத்தார். அந்த அலுவலகத்தின் மூலையில், வேலை தேடி வந்து, தங்க இடமில்லாமல் அங்கேயே இரவில் படுத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் எழுந்து யந்திரத்தை உற்றுப் பார்த்தான். ஒரு சிறு வில் உடைந்து இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் விழுந்திருந்தது. அதை எடுத்துச் சரிசெய்து, இரண்டு மணி நேரத்தில் எல்லாக் கருவிகளையும் ஓட வைத்தான். அவனுக்கு அங்கேயே மாதம் 300 டாலர் சம்பளத்தில் உத்தியோகம் கிடைத்தது. அந்த இளைஞன் பெயர் தாமஸ் ஆல்வா எடிஸன். பிற்காலத்தில் அவரே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

டிக்கர் யந்திரங்களுக்கு மற்றொரு வியாதியும் இருந்தது. ஊரிலுள்ள நூற்றுக்கணக்கான கருவிகளின் சக்கரங்கள் ஒன்றுபோல் சுற்ற வேண்டும். ஒரு கருவி தாளம் தப்பினால் அது மட்டும் உளறத் தொடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். தலைமை நிலையத்திலிருந்தே எல்லாச் சக்கரங்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் உபாயத்தைச் செய்துகொடுத்ததும் எடிஸனே. மின்சார விளக்குக்கு முன்னால் அவருக்குப் பணமும் பெயரும் தேடித் தந்தது, விலை சொல்லும் யந்திரத்தின் உளறலை நிறுத்திய இந்தத் திறமைதான்.

நாலு மணி நேரம் பிந்திய நாடா

தவறான விலையைவிடப் பிந்திய விலை கொடியது. தவறு என்று தெரிந்தால் நம்ப மாட்டோம். பிந்தியது உண்மையைப் போலவே முகம் காட்டும். இதற்கு 1929 அக்டோபரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அந்த மாதம் 24-ம் தேதி, வியாழக்கிழமை, நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சம் பங்குகள் கை மாறின. அதற்கு முன் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. டிக்கர் யந்திரம் தன் சக்திக்கு இயன்ற வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் சந்தை அதைவிட வேகமாக விழுந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தை மூடிவிட்டது. அன்றைய கடைசி விலையை டிக்கர் அச்சிட்டபோது மாலை ஏழு மணி தாண்டி எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த நாலு மணி நேரத்தை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். தேசமெங்கும் தரகர் அலுவலகங்களில் ஜனங்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். பலர் கடனுக்குப் பங்கு வாங்கியவர்கள். நாடாவில் வரும் விலையைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பிழைப்பு இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அது ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு முந்திய விலை. இப்போது என்ன விலை? தான் இன்னும் பணக்காரனா, அல்லது முன்பே ஓட்டாண்டியாகிவிட்டானா? தெரியாது. தெரியாத மனிதன் என்ன செய்வான்? "எந்த விலைக்காவது விற்றுவிடு" என்றுதான் சொல்வான். அப்படி எல்லாரும் சொன்னார்கள். விலை தெரியாத பீதி விலையை மேலும் தள்ளிற்று. தள்ளிய விலை நாடாவை மேலும் பிந்த வைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, 29-ம் தேதி, ஒரு கோடியே அறுபத்துநாலு லட்சம் பங்குகள் விற்பனையாயின. அன்றும் நாடா மணிக்கணக்கில் பின்தங்கியது.

சரிவுக்குக் காரணம் நாடா அல்ல. கடனும் பேராசையுமே அதற்கு மூலகாரணம். ஆயினும் இருட்டில் ஓடிய கூட்டம் வெளிச்சத்தில் ஓடியிருந்தால் மிதிபட்டவர்கள் குறைந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. 1930-ல் நிமிஷத்துக்கு 500 எழுத்து அடிக்கக்கூடிய புது டிக்கரைப் போட்டார்கள். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டினார்கள் என்று சொன்னால் தவறில்லை.

வேகமான யந்திரம் வந்ததோடு வியாதி தீர்ந்ததா? 1962 மே 28-ம் தேதி, மறுபடியும் பெருஞ்சரிவில் நாடா இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தியது. கம்ப்யூட்டர்கள் ஆட்சிக்கு வந்துவிட்ட 2013-ல், ஆகஸ்டு 22-ம் தேதி, விலைகளைத் திரட்டி எல்லாருக்கும் அனுப்பும் ஏற்பாட்டில் கோளாறு ஏற்பட்டு, அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையின் பங்குகளில் சுமார் மூன்று மணி நேரம் வியாபாரமே நடக்கவில்லை. யந்திரம் எவ்வளவு வளர்ந்ததோ, அதற்கு அஜீர்ணமும் அவ்வளவு வளர்ந்தது.

வியாபாரமும் சூதும்

பம்பாயில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நியூயார்க் பஞ்சுச் சந்தையின் ஆரம்ப விலையும் முடிவு விலையும் தந்தி மூலம் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தன. பஞ்சைக் கண்ணாலும் காணாத ஜனங்கள் அந்த இலக்கங்களின் மேல் பந்தயம் கட்டினார்கள். 1961-ல் அந்த விலைகள் வருவது நின்றுவிட்டது. பந்தயக்காரர்கள் கவலைப்பட்டார்களா? இல்லை. பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்து, தாங்களே இலக்கங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். அதுதான் "மட்கா" என்ற சூதாட்டமாக வளர்ந்து பல குடும்பங்களைக் கெடுத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சூதாடிக்கு விலை உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை; ஏதாவது ஓர் இலக்கம் போதும். வியாபாரிக்கு உண்மை விலை வேண்டும். ஆகையால், உண்மை விலையைத் தராத ஏற்பாடு எதுவாயினும், அது வியாபாரியைச் சூதாடியாக மாற்றிவிடுகிறது. அவன் விரும்பாமலே!

நம் திரையும் நம் நிலையும்

பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் 1990-களின் தொடக்கம் வரை பம்பாய்ச் சந்தையில் தரகர்கள் கூட்டமாக நின்று கத்தி விலை பேசினார்கள். மதுரையிலோ கும்பகோணத்திலோ இருந்த ஒருவர் பங்கு வாங்கச் சொன்னால், அன்றைய விலைகளில் எந்த விலைக்கு அது வாங்கப்பட்டது என்பதை அவரால் சோதிக்க வழியில்லை. மறுநாள் பத்திரிகையில் உச்ச விலை, தாழ்ந்த விலை இரண்டும் இருக்கும். வாங்கினவருக்கு உச்ச விலையும் விற்றவருக்குத் தாழ்ந்த விலையும் தரகரால் எழுதப்படுகின்றன என்ற மனத்தாங்கல் வீட்டுக்கு வீடு இருந்தது. தேசியப் பங்குச் சந்தை 1992-ல் நிறுவப்பட்டு, 1994-ல் கம்ப்யூட்டர்த் திரையில் வியாபாரத்தைத் தொடங்கியது. 1875-ல் தோன்றிய பம்பாய்ச் சந்தையும் 1995-ல் திரைக்கு மாறியது. சிற்றூர்களின் மொட்டை மாடிகளில் அதற்கான வட்டத் தட்டுகள் முளைத்தன. நரிமன் முனையில் தெரியும் விலை நாகர்கோவிலிலும் தெரிந்தது. இது சாமானியருக்குக் கிடைத்த பெரிய நியாயம்.

ஆனால் நியாயத்திலும் வரிசை உண்டு என்று பிறகு தெரிந்தது. சந்தையின் கம்ப்யூட்டர் இருக்கும் கட்டடத்திலேயே தங்கள் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொள்ளச் சில தரகர்களுக்கு வசதி செய்யப்பட்டது. அங்கே விலைத் தகவல் ஒருவர் பின் ஒருவராக அனுப்பப்பட்டதால், முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்தது என்று புகார் எழுந்தது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஸெபி, தேசியப் பங்குச் சந்தை சுமார் 625 கோடி ரூபாயை வட்டியோடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து செய்தது. ஆனால் தக்க கவனம் செலுத்தத் தவறியதற்காக 100 கோடி ரூபாயை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கட்டும்படி சொல்லிற்று. இங்கே வித்தியாசம் மணிக்கணக்கில் அல்ல. கண்ணிமைப்பின் சிறு பகுதிதான். ஆனாலும் பிரேம்சந்தின் படகு மறுபடியும் கடலில் இறங்கியதுபோல் எனக்குத் தோன்றியது.

அதைவிட எல்லாரும் உணர்ந்த நாள் 2021 பிப்ரவரி 24. புதன்கிழமை. மாதாந்தர ஒப்பந்தங்கள் முடியும் நாளுக்கு முந்திய நாள். காலையிலேயே தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றன. 11.40 மணிக்கு எல்லாப் பிரிவுகளிலும் வியாபாரம் நிறுத்தப்பட்டது. வெளிக் கம்பெனிகள் இரண்டின் தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு என்று சந்தை அறிவித்தது. எப்போது திறக்கும் என்பது பல மணி நேரம் தெரியவில்லை. வழக்கமான நேரம் முடியப் போகிறதே என்று, தரகர்கள் பலர் தங்கள் வாடிக்கைக்காரர்களின் அன்றாடக் கணக்குகளைப் பம்பாய்ச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். பிறகு 3.45-க்கு மறுபடி திறந்து ஐந்து மணி வரை வியாபாரம் நடந்தது. அன்று ஸென்ஸெக்ஸ் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்து முடிந்தது. அவசரமாக விற்கப்பட்டவர்கள் அந்த உயர்வைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

யார் பொறுப்பு?

சந்தையில் பிறக்கும் விலை நம் உள்ளங்கைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. சந்தை அதைத் தகவல் விற்பனைக் கம்பெனிகளுக்கும் தரகர்களுக்கும் அனுப்புகிறது. தரகரின் கம்ப்யூட்டர் அதை வாங்கி, பெரும்பாலும் ஒவ்வொரு விலையையும் அனுப்பாமல், இடையிடையே ஒரு விலையைப் பொறுக்கி நம் கைப்பேசிக்கு அனுப்புகிறது. வழியில் இண்டர்நெட் இருக்கிறது. விலையில்லாமல் விலை காட்டும் இடங்கள் சில, கால் மணி நேரம் பிந்தியே காட்டுகின்றன. கோளாறு ஏற்பட்டால் தரகர் சந்தையைச் சுட்டுகிறார். சந்தை தொலைத்தொடர்பைச் சுட்டுகிறது. தொலைத்தொடர்பு வாடிக்கைக்காரரின் கைப்பேசியைச் சுட்டுகிறது. கைப்பேசி யாரைச் சுட்டும்? அது பேசாமல் 240 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்வது நியாயமல்ல. 2021 மார்ச்சில் ஸெபி, சந்தைகளின் முக்கிய ஏற்பாடுகளில் தடை ஏற்பட்டால் அரை மணிக்குள் அதை விபத்து என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் மாற்று நிலையத்திலிருந்தாவது வேலையைத் தொடங்க வேண்டும் என்று விதித்தது. 2022 நவம்பரில் தரகர்களுக்கும் விதி வந்தது. அவர்களுடைய ஏற்பாடு தொடர்ந்து ஐந்து நிமிஷமோ அதற்கு மேலோ நின்றாலும், மந்தமானாலும், மாறாக நடந்தாலும் அது "கோளாறு". ஒரு மணி நேரத்துக்குள் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்லிற்று. 2023-ல், தரகரின் ஏற்பாடு முடங்கும்போது வாடிக்கைக்காரர் தம் கணக்கை முடித்துக்கொள்வதற்கென்று சந்தைகள் கூடி ஒரு பொது வழியையும் திறந்தன.

இவையெல்லாம் நல்ல விதிகள். ஆயினும் இவை பெரும்பாலும் யந்திரம் நின்றால் என்ன செய்வது என்று சொல்பவை; நின்றதால் இழந்தவனுக்கு என்ன கொடுப்பது என்பது இன்னும் வாக்குவாதத்துக்குரிய விஷயமாகவே இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் தண்டனை உண்டு. எடைக்கல்லில் கால் பலம் குறைந்தால் தண்டனை உண்டு. விலையில் பதினோரு நிமிஷம் கலந்தால் அதற்கு ஒரு தெளிவான பரிகாரம் வேண்டாமா?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் ஸெபி வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, உரிமை ஒப்பந்தங்களில் இறங்கிய தனி மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பேர் நஷ்டமடைந்தார்கள். அத்தனை பேரையும் திரையா கெடுத்தது? இல்லை. சரியான விலையைப் பார்த்துக்கொண்டே இழந்தவர்கள்தான் மிகுதி. திரை பழுதானதால் இழந்தவன் சொல்லும் குறை நியாயமானது. ஆனால் திரை சரியாக இருந்தால் எல்லாரும் ஜெயித்துவிடலாம் என்று அதிலிருந்து எண்ணிவிடக் கூடாது.

மைத்துனரின் நோட்டுப் புத்தகம்

இவ்வளவும் என் மைத்துனரிடம் சொன்னேன். "சரித்திரம் இருக்கட்டும் அத்தான். நான் இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். விவரம் அறிந்த ஒரு நண்பரை இருவருமாகப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னவை எளியவை. விலையை மட்டும் பார்க்காதே. அதன் பக்கத்தில் இருக்கும் நேரத்தையும் பார். கடிகாரம் ஓடும்போது அந்த நேரம் ஓடவில்லையானால், விலை செத்துவிட்டது என்று அர்த்தம். வேறொரு இடத்திலும் அதே விலையை ஒப்பிட்டுப் பார். இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற உத்தரவை மனத்தில் வைக்காமல் வாங்கிய உடனேயே சந்தைக்கு அனுப்பிவிடு; உன் திரை தூங்கினாலும் உத்தரவு தூங்காது. அதிலும் விலை ஒரேயடியாகத் தாவி விழுந்தால் நீ குறித்த விலை கிடைக்காமல் போகலாம் என்பதை மறக்காதே. தரகர் அலுவலகத்தின் டெலிபோன் நம்பரை எழுதி வைத்துக்கொள். கோளாறு நேர்ந்தால் திரையை நேரத்தோடு படம் எடுத்து வை. தரகர் கேட்காவிட்டால் சந்தைக்கு எழுது. அங்கும் தீராவிட்டால் ஸெபியின் "ஸ்கோர்ஸ்" என்ற புகார் ஏற்பாட்டுக்கு எழுது.

மைத்துனர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தரகர் கம்பெனிக்கும் எழுதினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நிகழ்ந்ததற்கு வருந்துவதாகவும், நல்லெண்ணத்தின் பேரில் அன்றைய தரகுக் கூலியான 40 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும் அதில் கண்டிருந்தது. அவர் அதை வாங்க மறுத்து மேலே எழுதியிருக்கிறார். முடிவு தெரியவில்லை.

விடுதிக் கட்டணத்தைக் கடைச் சரக்குக்காக வைத்திருந்த பணத்திலிருந்து கட்டினார். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு, அவராகவே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கோபிப்பாள் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்தோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன்டா, உன் கடையில் போன வாரத்து உர விலையை எழுதி வைத்துக்கொண்டு இந்த வாரம் வேறு விலைக்கு விற்பாயா?" என்று கேட்டாள்.

"மாட்டேன் அக்கா. காலையில் முதல் வேலையாகப் பலகையில் விலையைத் திருத்தி எழுதுகிறேன். மறந்துபோனால் பலகையில் உள்ள விலைக்கே கொடுத்துவிடுவேன்" என்றார் அவர்.

தமிழில் பணத்துக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். அந்தச் சிறிய உரக் கடையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கோடிக்கணக்கான ரூபாய் ஓடும் பெரிய கடைகளிலும் பலகையில் உள்ள விலைக்குப் பொறுப்பேற்கும் வழக்கம் வர வேண்டும். அதுவரை, திரையை நம்புகிறவர்கள் கடிகாரத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.